சரக்கு சேருமிடம்

வெளிநாட்டு வியாபாரத்தைப் பெருக்க வேண்டுமென்ற குரல் இன்று தேசமெங்கும் கேட்கிறது. மந்திரிகள் அதைப் பற்றிப் பேசாத நாளில்லை. வர்த்தக சபைகள் தீர்மானங்கள் நிறைவேற்றுகின்றன. பாங்குகள் கடன் கொடுக்க முன்வருகின்றன. கோயம்புத்தூரில் பம்பு செய்யும் சிறு பட்டறைக்காரரும், ஓசூரில் விமான உறுப்புகளைக் கடைந்து கொடுக்கும் தொழிலதிபரும், இராணிப்பேட்டையில் ரசாயனம் காய்ச்சுகிறவரும், சென்னையில் கம்ப்யூட்டர் நிரல் எழுதும் இளைஞரும் கடலுக்கு அப்பாலுள்ள கிராக்கியை எதிர்நோக்கி நிற்கிறார்கள். நம்மவர் கையால் செய்த பொருள் நாலு தேசங்களிலும் மதிக்கப்படுவதைக் காட்டிலும் மகிழ்ச்சி தரும் விஷயம் வேறென்ன இருக்கிறது? இந்த முயற்சியை நாம் மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம்.

ஆதரிக்கிற காரணத்தினாலேயே ஓர் எச்சரிக்கையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். சரக்கை எப்படி அனுப்புவதென்று கற்றுக் கொடுப்பவர் பலர். எந்தச் சரக்கை, யாருக்கு, எதன்பொருட்டு அனுப்பலாகாது என்று கற்றுக் கொடுப்பவரோ மிகச் சிலர். விலை வந்து சேர்ந்தது, பெட்டி கப்பலேறியது, அத்துடன் நம் பொறுப்பு தீர்ந்தது என்பதே நம் வியாபாரிகளில் பெரும்பாலோர் கொண்டிருக்கும் எண்ணம். உள்ளூர்ச் சந்தைக்கு அந்த எண்ணம் போதுமானதாக இருக்கலாம். கடல் கடந்த வியாபாரத்துக்கு அது போதாது. போதாதது மட்டுமன்று, ஆபத்துமாகும். சரக்கு எங்கே போய்ச் சேருகிறது என்று கேளாதவன், தன் வியாபாரத்தையும் தன் தேசத்தின் பெயரையும் அந்நியன் கையில் ஒப்படைத்து விடுகிறான் என்பதே நாம் இங்கே வற்புறுத்த விரும்பும் விஷயம்.

ஓர் உதாரணம் சொல்லுவோம். தையோடைகிளைக்கால் என்றொரு திரவம் உண்டு. துணிக்குச் சாயமேற்றவும் பேனா மை செய்யவும் அது உபயோகப்படுகிறது. சாயப்பட்டறையில் அதைப் பார்த்து யாரும் அஞ்சமாட்டார்கள். அதே திரவத்திலிருந்துதான் மஸ்டர்டு வாயு என்ற கொடிய நஞ்சும் செய்யப்படுகிறது. 1980-ம் ஆண்டு தொடங்கி எட்டு வருஷம் நடந்த ஈரான்–இராக் யுத்தத்தில் இராக் சர்க்கார் இந்த நஞ்சைப் பிரயோகித்தது. 1988 மார்ச்சில் ஹலப்ஜா என்ற ஊரில் சொந்தப் பிரஜைகளான குர்து மக்கள் மீதே நஞ்சு வாயுக் குண்டுகளை வீசியது. ஆண், பெண், குழந்தை என்ற பேதமின்றி ஏறக்குறைய ஐயாயிரம் பேர் மாண்டனர். இராக்குக்கு அந்தத் திரவத்தை விற்றவர்களில் ஒருவர் ஒல்லாந்து தேசத்து வியாபாரி. அவர் குண்டு வீசவில்லை, குண்டு செய்யவுமில்லை, வாங்கி விற்றார், அவ்வளவே. ஆயினும் அந்தச் சரக்கு நஞ்சாயுதத்துக்கே போகிறது என்பதை அறிந்தே விற்றாரென்று ஹேக் நகரத்துக் கோர்ட்டு கண்டு, யுத்தக் குற்றத்துக்கு உடந்தையாயிருந்ததற்காக 2005-ல் அவருக்குப் பதினைந்து ஆண்டு சிறை விதித்தது. அவர் மேல் கோர்ட்டுக்குப் போனார். அது தண்டனையைக் குறைக்கவில்லை, கூட்டிற்று.

அந்த யுத்தத்தில் இராக் நஞ்சாயுதத்தைப் பிரயோகித்ததன் விளைவாகவே, ஹலப்ஜா கோரத்துக்கு முன்பே, 1985-ல் பல தேசங்கள் ஆஸ்திரேலியா கோஷ்டி என்ற பெயரால் ஒன்று கூடி, நஞ்சாயுதத்துக்கு உதவக்கூடிய ரசாயனங்களையும் யந்திரங்களையும் பட்டியலிட்டு, அவற்றின் ஏற்றுமதிக்கு அனுமதி வேண்டுமென்று ஏற்பாடு செய்தன. அந்தக் கோஷ்டியில் நமது தேசம் 2018-ல் அங்கத்தினராயிற்று. அதற்கு முன் 2016-ல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டிலும், 2017-ல் வாஸனார் உடன்படிக்கையிலும் சேர்ந்தது. ஆகவே இந்தக் கட்டுப்பாடுகள் யாரோ அந்நியர் நம்மேல் சுமத்தியவை என்று இனிச் சொல்வதற்கில்லை. நாமே கையெழுத்திட்டு ஏற்றுக் கொண்டவை அவை.

நமது சர்க்காரின் பட்டியலுக்கு ஸ்கோமெட் என்று பெயர். விசேஷ ரசாயனங்கள், உயிர்ப்பொருள்கள், மூலப்பொருள்கள், சாதனங்கள், தொழில்நுட்பங்கள் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து அமைத்த பெயர் அது. அந்தப் பட்டியலிலுள்ள பொருளை ஏற்றுமதி செய்ய வெளிநாட்டு வர்த்தக டைரக்டர் ஜெனரலிடம் லைசென்ஸ் பெற வேண்டும். அணுசக்திச் சம்பந்தமானவற்றுக்கு அணுசக்தி இலாகாவும், ராணுவத் தளவாடங்களுக்குப் பாதுகாப்பு உற்பத்தி இலாகாவும் அனுமதி கொடுக்கின்றன. 1992-ம் வருஷத்து வெளிநாட்டு வர்த்தகச் சட்டமும், 2005-ம் வருஷத்துப் பேரழிவு ஆயுதச் சட்டமும் இதற்கு ஆதாரம். பின்னதன்படி கொடிய குற்றங்களுக்கு ஐந்தாண்டுக்குக் குறையாத சிறையும், ஆயுட்சிறை வரையிலும் தண்டனை உண்டு. வியாபாரி அறிந்திருக்க வேண்டிய சட்டம் இதைக் காட்டிலும் வேறென்ன?

"நாங்கள் வெடிகுண்டா செய்கிறோம்? பம்பு அல்லவா செய்கிறோம்!" என்று கோவைத் தொழிலதிபர் ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கிணற்றிலிருந்து நீரிறைக்கும் பம்புக்கு இந்தச் சட்டத்தால் தொல்லையில்லை. ஆனால் அதே பட்டறையில் நாளைக்கு ரசாயனத் தொழிற்சாலைக்கென்று ஒரு பம்பு செய்யும்படி ஆர்டர் வருகிறது. திராவகம் அரிக்காதபடி உட்புறமெல்லாம் டைட்டானியத்தாலோ, நிக்கல் மிகுந்த கலப்பு உலோகத்தாலோ, ப்ளோரோபாலிமராலோ அமைய வேண்டும், ஒரு சொட்டும் வெளியே கசியாதபடி இரட்டை அடைப்பு இருக்க வேண்டும், மணிக்கு 0.6 கன மீட்டருக்கு மேல் தள்ள வேண்டும். இத்தனையும் கூடிய பம்பு ஆஸ்திரேலியா கோஷ்டியின் பட்டியலில் இருக்கிறது. அதற்குரிய வால்வும் இருக்கிறது. மருந்து செய்கிறவனுக்கும் அந்தப் பம்பு வேண்டும். நஞ்சு செய்கிறவனுக்கும் வேண்டும். பம்புக்கு இரண்டும் ஒன்றே. வித்தியாசத்தைப் பார்க்க வேண்டியவன் விற்கிறவன்.

அன்றியும், பட்டியலில் இல்லாத பொருளென்றாலும் பொறுப்பு நீங்கிவிடாது. வாங்குகிறவன் அதைப் பேரழிவு ஆயுதத்துக்கு உபயோகிக்கப் போகிறான் என்று தெரிந்தாலும், சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தாலும், பட்டியலில் இல்லையென்று சொல்லித் தப்ப முடியாது. தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதைச் சட்டம் அறியாமையென்று ஏற்பதில்லை.

இனி மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வல்லரசுகளின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளால் நமது தேசத்தைப் போல் வருந்திய தேசங்கள் சிலவே. 1974-ல் பொக்ரானில் நாம் அணுச்சோதனை செய்ததும், அணுசக்திப் பொருள்களை விற்கும் தேசங்கள் கூடித் தனிச் சங்கம் அமைத்தன. 2016-ல் அதில் இடம் கேட்டு நாம் செய்த விண்ணப்பம் பலிக்கவில்லை. விண்வெளிக் கலத்துக்கு வேண்டிய கிரையோஜெனிக் எஞ்சினைச் செய்யும் வித்தையை ருஷ்யாவிடமிருந்து பெற நாம் ஒப்பந்தம் செய்தோம். 1992-ல் அமெரிக்கா நமது விண்வெளி ஸ்தாபனத்தின் மீதும் ருஷ்ய ஸ்தாபனத்தின் மீதும் தடை விதித்தது. 1993-ல் வித்தையைத் தருவதினின்றும் ருஷ்யா பின்வாங்கியது. 1998-ம் வருஷத்துச் சோதனைக்குப் பின் நமது ஆராய்ச்சிச் சாலைகளும் தொழிற்சாலைகளும் அமெரிக்காவின் தடைப் பட்டியலில் ஏறின. விண்வெளி ஸ்தாபனத்தின் கிளைகள் அதிலிருந்து நீங்க 2011 வரை ஆயிற்று. அதற்கும் முன்னே, 1906-ல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை ஆரம்பித்த சுதேசிக் கப்பல் கம்பெனியை அந்நியக் கம்பெனியின் போட்டியும் அதிகாரிகளின் அடக்குமுறையும் சேர்ந்து நசுக்கிய கதையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வலியவன் செய்யும் விதி வலியவனுக்கே அனுகூலமாக முடியும் என்பதை நாம் பட்டறிந்திருக்கிறோம்.

இதிலிருந்து சிலர் ஒரு தவறான பாடத்தைக் கற்கிறார்கள். "அவர்கள் விதியும் வேண்டாம், அவர்கள் நீதியும் வேண்டாம், கிடைத்த விலைக்கு விற்போம்" என்கிறார்கள். கேட்பதற்கு இது வீரமாகத் தோன்றும். ஆராய்ந்தால் இதில் வீரமில்லை, அசட்டைதான் இருக்கிறது. எஞ்சின் மறுக்கப்பட்டபோது நமது விஞ்ஞானிகள் திருட்டுச் சந்தையை நாடவில்லை. திருநெல்வேலி ஜில்லா மகேந்திரகிரியில் சோதனைச் சாலை அமைத்து வருஷக்கணக்காக உழைத்தார்கள். தோல்விகளைத் தாங்கினார்கள். 2014 ஜனவரியில் நம்மவர் செய்த எஞ்சினைக் கொண்டே கலம் வானேறிற்று. அந்நியத் தடைக்கு அதுவே தக்க பதில். ஏமாற்று ஒருநாளும் பதிலாகாது.

ஆதலால் வெளிநாட்டு வியாபாரத்தில் இறங்குகிறவர்கள் தங்களை எதிர்நோக்கும் சட்டங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்று யோசனை சொல்லுகிறோம். முதலாவது, நமது பாராளுமன்றம் இயற்றிய சட்டம். இதற்கு முழு மனத்துடன் அடங்கி நடக்க வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை. இரண்டாவது, ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை எல்லாத் தேசங்களுக்கும் பொதுவாக விதித்த தடை. வட கொரியாவின் மீதுள்ள தடை இந்த வகையைச் சேர்ந்தது. பேரழிவு ஆயுதங்கள் சர்க்கார் அல்லாதவர் கையில் சேராதபடி ஒவ்வொரு தேசமும் சட்டம் செய்ய வேண்டுமென்ற 2004-ம் வருஷத்து 1540-வது தீர்மானமும் அத்தகையதே. இவற்றுக்கும் அடங்கியே ஆகவேண்டும். நமது தேசம் கொடுத்த வாக்கு அதில் அடங்கியிருக்கிறது. மூன்றாவது, பிற வல்லரசு ஒன்று தன் எல்லைக்கு வெளியேயும் செல்லுமென்று சொல்லிக் கொள்ளும் சட்டம். இதற்கு நாம் பணிய வேண்டுமென்பதில்லை. ஆனால் இதை அறியாமல் இருப்பது மூடத்தனம்.

மூன்றாவது வகையைச் சற்று விளக்குவோம். நமது தொழிலதிபர் ஒரு யந்திரம் செய்கிறார். அதில் அமெரிக்காவின் கட்டுப்பாட்டுக்குட்பட்ட அமெரிக்க உறுப்புகள் சில இருக்கின்றன. அவற்றின் மதிப்பு யந்திரத்தின் விலையில் நூற்றுக்கு 25 பங்குக்கு மேற்பட்டால், அந்த யந்திரத்தை மூன்றாவது தேசத்துக்கு விற்பதற்கும் தன் அனுமதி வேண்டுமென்கிறது அமெரிக்கச் சட்டம். அமெரிக்கா பகை பாராட்டும் சில தேசங்களுக்கானால் 10 பங்கைத் தாண்டினாலே போதும். கோவையில் செய்து துபாய்க்குப் போகும் யந்திரத்துக்கு வாஷிங்டனில் கணக்குப் பார்க்கிறார்கள்! இது நியாயமா என்று கேட்டால், நியாயமன்று என்பதே நமது அபிப்பிராயம். ஆயினும் டாலர் கணக்கும், பாங்கும், கம்ப்யூட்டரும் அவர்கள் கையில் இருக்கும்வரை, பெயர்ப் பட்டியலில் ஏற்றிவிட்டால் நமது வியாபாரியின் கதவு அடைபடும். விதியும் நிலைத்து நிற்பதில்லை. 2025 செப்டம்பர் கடைசியில், தடைசெய்யப்பட்டவர் பாதிப் பங்கு வைத்திருக்கும் கம்பெனிகளுக்கும் தடை உண்டென்று அமெரிக்கா புதிதாக விதித்தது. ஆறு வாரத்துக்குள் அதையே ஓராண்டுக்கு நிறுத்தி வைத்தது. இப்படி நாளுக்கொரு வண்ணமாகும் விதியைக் கவனியாமல் கப்பலில் சரக்கேற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றோரம் நடப்பதற்கு ஒப்பாகும்.

நடந்த சங்கதிகளையே பார்ப்போம். 2022-ல் ருஷ்யாவுக்கும் உக்ரேனுக்கும் யுத்தம் மூண்ட பின், மேனாடுகள் 50 சுங்கக் குறியீடுகளுக்குட்பட்ட சரக்குகளைக் குறித்து, அவை ருஷ்யாவுக்குப் போகாதபடி காவல் செய்யத் தொடங்கின. அந்த வரிசையில் மின்னணுச் சில்லுகள் மட்டுமல்ல, பேரிங்குகளும் உண்டு. 2024 அக்டோபர் 30-ந் தேதி அமெரிக்கா ஏறக்குறைய 400 பேரையும் கம்பெனிகளையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 19 இந்தியக் கம்பெனிகள். அவற்றின் வியாபாரம் இந்தியச் சட்டத்துக்கு விரோதமானதன்று என்று நமது சர்க்கார் பதில் சொன்னது. நல்ல பதில்தான். ஆனால் அந்தப் பதிலை ஒவ்வொரு வியாபாரியும் தன் தஸ்தாவேஜுகளைக் கொண்டே நிரூபிக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் அன்றோ? கணக்கு சுத்தமாக இருப்பவனுக்காகத்தான் சர்க்கார் தலைநிமிர்ந்து வாதாட முடியும்.

கணக்கு சுத்தமாக இருந்தும் அநியாயம் நேர்வதுண்டு. 2025 ஜூலை 18-ந் தேதி ஐரோப்பிய யூனியன் தனது தடைப் பட்டியலில் குஜராத்திலுள்ள வாடினாரில் எண்ணெய் சுத்திகரிக்கும் நயாரா கம்பெனியைச் சேர்த்தது. அந்தக் கம்பெனியில் ருஷ்ய ஸ்தாபனத்துக்குப் பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கு உண்டு என்பதே காரணம். சில நாட்களுக்குள் மைக்ரோசாப்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி நயாராவின் மின்னஞ்சல் முதலான வசதிகளை நிறுத்தி வைத்தது. விலை கொடுத்து வாங்கிய வசதி. இந்திய மண்ணில் இந்தியச் சட்டப்படி நடக்கும் கம்பெனி. இந்தியக் கோர்ட்டு எதுவும் உத்தரவு போடவில்லை. டில்லி ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்த பிறகே வசதி திரும்பிக் கிடைத்தது. வருஷத்துக்கு இரண்டு கோடி டன் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைக்கே இந்தக் கதியென்றால், ஐம்பது தொழிலாளர்களை வைத்து நடத்தும் பட்டறையின் கதி என்னவாகும்? கடிதமும் கணக்கும் வரைபடமும் முழுவதும் ஓர் அந்நியக் கம்பெனியின் பெட்டகத்தில் இருந்து, சாவியும் அவர்களிடமே இருந்தால், நம்முடையது என்று சொல்லிக் கொள்ள எஞ்சுவது என்ன?

ஏமாற்றியவர்களின் கதி இதனினும் மோசமானது. 1980-க்குப் பிந்திய வருஷங்களில் ஜப்பானிலுள்ள தோஷிபா யந்திரக் கம்பெனி, நீர்மூழ்கிக் கப்பலின் சுழலிகளை நுட்பமாகக் கடையும் ஒன்பது அச்சு யந்திரங்களைச் சோவியத் ருஷ்யாவுக்கு விற்றது. அவற்றை இயக்கும் கருவிகளைக் கொடுத்தது நார்வே தேசத்துக் கம்பெனி. லைசென்ஸ் மனுவில் அவற்றைச் சாதாரண யந்திரங்கள் என்று பொய்யாக எழுதினார்கள். இடைத்தரகு செய்த கம்பெனியின் ஊழியர் ஒருவரே பின்னர் உண்மையை வெளியிட்டார். 1987-ல் விஷயம் அம்பலமாயிற்று. அமெரிக்கப் பாராளுமன்றத்தின் முற்றத்தில் அங்கத்தினர்கள் தோஷிபா ரேடியோவைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். யந்திரக் கம்பெனியில் பாதிக்கு மேல் பங்கு வைத்திருந்த தாய்க் கம்பெனியின் தலைவர்கள் இருவரும் பதவி துறந்தார்கள். யந்திரக் கம்பெனியின் சரக்குகளுக்கு அமெரிக்கா மூன்று வருஷம் கதவடைத்தது. ஒரு மனுவில் எழுதிய பொய்க்காக ஒரு தேசத்தின் தொழிலே தலைகுனிந்தது.

சீனாவிலுள்ள இஸட்-டி-ஈ கம்பெனியின் கதையும் இத்தகையதே. அமெரிக்க உறுப்புகளைக் கொண்ட தந்திச் சாதனங்களை ஈரானுக்கு விற்றதற்காக அது 2017-ல் 119 கோடி டாலர் கொடுப்பதாக ஒப்புக் கொண்டது. குற்றம் செய்த ஊழியர்களைத் தண்டித்து விட்டோம் என்றும் எழுதிக் கொடுத்தது. உண்மையிலோ, அவர்களுக்கு வெகுமதி கொடுத்திருந்தது! அந்தப் பொய் வெளிப்பட்டதும் 2018 ஏப்ரலில் அமெரிக்கா அதற்கு ஏழாண்டுத் தடை விதித்தது. சில்லுகள் வராமையால் அடுத்த மாதமே தொழில் ஸ்தம்பித்தது. மேலும் 100 கோடி டாலர் அபராதமும் 40 கோடி டாலர் ஈடும் கட்டி, டைரக்டர்களையும் மாற்றிய பிறகே அது மீண்டும் மூச்சு விட்டது. தவறு செய்தவன் திருந்தப் பல வழிகள் உண்டு. தவற்றைப் பொய்யால் மூடுகிறவனுக்கு வழியில்லை. அந்நியச் சட்டத்தை எதிர்க்க விரும்பினால் பகிரங்கமாக எதிர்ப்போம். மகாத்மா காந்தி கற்றுக் கொடுத்த எதிர்ப்பு மறைவான எதிர்ப்பன்று.

பெட்டியிலும் மூட்டையிலும் போவது மட்டுமே ஏற்றுமதி என்று எண்ணுவதும் தவறு. யந்திரத்தின் வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதியே. கம்ப்யூட்டர் நிரலை வெளிநாட்டுக் கூட்டாளி இறக்கிக் கொள்ளும்படி திறந்து வைப்பதும் ஏற்றுமதியே. பொருட்காட்சிக்குப் போகும் எஞ்சினியர் தமது மடிக்கணினியில் கட்டுப்பாட்டுக்குட்பட்ட வரைபடங்களை எடுத்துச் சென்றால், அவர் ஏற்றுமதிச் சரக்கையே கையில் ஏந்திச் செல்லுகிறார். சுங்கச் சாவடியில் இதற்கு முத்திரை விழுவதில்லை என்பதால் சட்டம் இதைக் காணவில்லை என்று நினைப்பது பிசகு. சட்டத்தைத் தவிர களவும் இருக்கிறது. பத்து வருஷ உழைப்பில் கண்டுபிடித்த கலப்பு உலோகத்தின் கணக்கு ஒரு நொடியில் பிறர் கைக்குப் போய்விடும். ஆகவே பிரயாணம் செய்கிறவர் வேண்டிய அளவுக்கு மேல் எதையும் எடுத்துச் செல்லாதிருப்பதே உத்தமம்.

இன்னொரு மோசடி மிகச் சாதாரணமாகி விட்டது. பல வருஷம் பழகிய வாடிக்கைக்காரரிடமிருந்தோ, சரக்குக் கொடுப்பவரிடமிருந்தோ ஒரு கடிதம் மின்னஞ்சலில் வருகிறது. நடையும் கையொப்பமும் அவருடையவை போலவே இருக்கின்றன. "எங்கள் பாங்குக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்குப் பணம் அனுப்புக" என்று எழுதியிருக்கிறது. குமாஸ்தா அவ்வாறே அனுப்பி விடுகிறார். விலாசத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது என்பது பணம் போன பிறகே தெரிகிறது. கடல் கடந்து போன பணத்தைத் திரும்பப் பெறுவது எளிதன்று. பாங்குக் கணக்கு மாறியதாக யார் எழுதினாலும், முன்பே தெரிந்த டெலிபோன் எண்ணில் கூப்பிட்டு, அவர் குரலைக் கேட்டு விசாரித்த பிறகே பணம் அனுப்புவதென்று விதி செய்து கொண்டால் செலவு ஒன்றுமில்லை, லாபமோ பெரிது.

"இவ்வளவையும் சிறு வியாபாரி செய்ய முடியுமா?" என்று கேட்பார்கள். வக்கீல்களை அமர்த்த அவனால் முடியாது, உண்மைதான். ஆனால் வேண்டியவற்றில் முக்கியமானவை பணத்தினால் ஆவன அல்ல, கவனத்தினால் ஆவன. நம் கிராமத்தில் பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறோம். கோடி ரூபாய்ச் சரக்கைக் கொடுப்பதற்கு முன் விசாரிக்கலாகாதா? வாங்குகிறவன் யார், அவனுக்குப் பின்னால் யார், சரக்கை நிறுவப் போகும் இடம் எது, அங்கே என்ன தொழில் நடக்கிறது என்ற கேள்விகளை எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் பதில் வாங்க வேண்டும். நேர்மையானவன் பதில் சொல்லத் தயங்கமாட்டான்.

சந்தேகிக்க வேண்டிய அடையாளங்களும் ஒளிந்து கிடப்பவை அல்ல. விலையுயர்ந்த யந்திரத்தை வாங்குகிறவன் அதை நிறுவிக் கொடுக்கவும் பழக்கிக் கொடுக்கவும் ஆள் வேண்டாமென்கிறான். தொழிற்சாலையின் விலாசத்தைக் கேட்டால் சரக்கு மாற்றும் கிடங்கின் விலாசத்தைத் தருகிறான். ரொட்டிக் கடை நடத்துகிறவன் லேசர் கருவி கேட்கிறான். பேரம் பேசாமல் முழு விலையையும் ரொக்கமாகத் தருகிறேன் என்கிறான். நேற்றுப் பதிவு செய்த கம்பெனி இன்று பெரிய ஆர்டர் கொடுக்கிறது. துபாய் போன்ற துறைமுகத்தில் இறக்கி, அங்கிருந்து வேறெங்கோ கொண்டு போவதாகச் சொல்லி, அந்த வேறிடத்தின் பெயரை மட்டும் சொல்ல மறுக்கிறான். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விற்பதை நிறுத்தி விசாரிக்க வேண்டும். விசாரித்ததைக் குறித்து வைக்க வேண்டும்; சம்பந்தப்பட்ட காகிதங்களை ஐந்து வருஷமாவது பத்திரப்படுத்த வேண்டும். விற்பனை செய்கிறவருக்கே விற்பனையை நிறுத்தும் அதிகாரத்தையும் விட்டால், கமிஷன் ஆசை கண்ணை மறைக்கும். ஆகவே ஸ்தாபனத்தில் ஒருவரேனும் "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் பெற்றிருக்க வேண்டும்; அவர் சொன்னால் முதலாளியும் கேட்க வேண்டும்.

வியாபாரிகளுக்குச் சொன்னோம், சர்க்காருக்கும் சொல்லுகிறோம். சட்டத்தைப் போட்டுவிட்டு, அறியாமை மன்னிப்பாகாது என்று சொல்வது சுலபம். அறியச் செய்வதும் சர்க்காரின் கடமையல்லவா? ஸ்கோமெட் பட்டியல் விஞ்ஞானிக்கே தலைசுற்றும் ஆங்கிலத்தில் இருக்கிறது. வார்ப்படப் பட்டறையில் நெருப்பின் முன் நிற்கும் தமிழன் அதை எவ்வாறு படிப்பான்? அதைத் தமிழிலும் மற்றத் தேச பாஷைகளிலும், தொழிலாளி கையாளும் சொற்களைக் கொண்டே, விளக்கவுரையுடன் சர்க்கார் வெளியிட வேண்டும். கோயம்புத்தூர், ஓசூர், அம்பத்தூர் போன்ற தொழில் ஸ்தலங்களில், பொருளையும் வரைபடத்தையும் கொண்டு வந்து காட்டினால் லைசென்ஸ் வேண்டுமா, வேண்டாமா என்று திட்டமாகப் பதில் சொல்லும் அதிகாரிகள் இருக்க வேண்டும். லைசென்ஸ் மனுக்களைக் குறித்த கெடுவுக்குள் முடிக்க வேண்டும். மனு மேஜைமேல் தூங்கும்போது ஆர்டர் வேறு தேசத்துக்குப் போய்விடுகிறது. பிறகு சட்டத்தை மதிக்கிறவன் நஷ்டமடைந்தான், மதியாதவன் பிழைத்தான் என்ற பாடத்தையே ஜனங்கள் கற்பார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்றுண்டு. நமது சட்டப்படி நேர்மையாக நடக்கும் பிரஜையை அந்நியச் சட்டம் தாக்கினால், அவனுக்கு அரணாக நிற்பது சர்க்காரின் பொறுப்பு. ஐரோப்பிய தேசங்கள் 1996-லேயே, அமெரிக்கத் தடைகளுக்குத் தங்கள் பிரஜைகள் அடங்கலாகாதென்று சட்டம் செய்தன. சீனா 2021-ல் அந்நியத் தடைகளை எதிர்க்கச் சட்டம் இயற்றியது. இவற்றின் குணதோஷங்களை ஆராய்ந்து நமக்குத் தக்கதொரு சட்டத்தைச் செய்ய நமது பாராளுமன்றம் ஆலோசிக்க வேண்டும். இந்தியாவில் வியாபாரம் செய்யும் அந்நியக் கம்பெனி எதுவும் இந்தியக் கோர்ட்டின் உத்தரவின்றி ஓர் இந்தியத் தொழிற்சாலையின் மூச்சை நிறுத்த முடியாது என்ற நிலை ஏற்பட வேண்டும். அந்த நிலை ஏற்படும் வரை, தங்கள் கணக்குகளுக்கும் கடிதங்களுக்கும் தேசத்திலேயே ஒரு பிரதியை வைத்திருக்கும்படி தொழிலதிபர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.

கட்டுப்பாடென்றால் அடிமைத்தனம் என்று எண்ணுவோர் நமது பழைய சரித்திரத்தை நினைத்துப் பார்க்கட்டும். காவிரிப்பூம்பட்டினத்தில் கடலிலிருந்து இறங்கிய சரக்கையும் கடலுக்குப் போகும் சரக்கையும் சோழ மன்னனின் காவலர் அளந்து பார்த்துப் புலி முத்திரை பொறித்தார்கள் என்று பட்டினப்பாலை கூறுகிறது. அந்த முத்திரையால் தமிழனின் வியாபாரம் சுருங்கவில்லை, பெருகியது. தன் துறைமுகத்தின் வழியே போவது இன்னதென்று தானே அறிந்து தானே முத்திரையிடும் உரிமைதான் சுதந்திர தேசத்தின் அடையாளம். அந்த உரிமையை நெடுங்காலம் இழந்திருந்தோம், மீண்டும் பெற்றிருக்கிறோம். நாம் பொறிக்க வேண்டிய முத்திரையை நாம் பொறிக்கத் தவறினால், அந்நியன் வந்து தன் முத்திரையைப் பொறிப்பான். ஏற்றுமதிக் கணக்கில் ஒரு கையெழுத்துப் போடுமுன், இந்தச் சரக்கு யார் கையில் போய்ச் சேரும் என்று ஒரு நிமிஷம் நின்று கேட்கும் வியாபாரியே இன்று நமது தேசத்தின் துறைமுகக் காவலன்.